லூர்திலிருந்து லண்டனுக்குத் திரும்பும்போது பிரான்சின் கிராமங்கள் வழியாக மோட்டார் ஹோமில் வரலாமா?

பண்டாரவளை ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பண்டாரவளைக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் பல ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் மகன் மனைவி பிள்ளைகளுடன் லண்டனில் வசிக்கிறான். எதிர்வரும் ஆவணியின் பிற்பகுதியில் நானும் என் மனைவியும் அவர்களிடம் செல்லவிருக்கிறோம். தென்மேற்குப் பிரான்சிலுள்ள லூர்து மாதாவின் திருத்தலத்தில் ஒருமுறையேனும் மெழுகுதிரி ஏற்ற வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் நேர்த்தி. ஆண்டுதோறும் மடு மாதா திருத்தலத்துக்குச் சென்று வருபவர் அவர். லூர்தையும் பார்த்துவிட்டால் மனம் நிறைந்துவிடும் என்கிறார்.

உள்ளேயே உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள மோட்டார் ஹோம் ஒன்றை மகன் வாடகைக்கு எடுத்து எங்களை அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறான். போகும்போது நெடுஞ்சாலை வழியாக நேராகச் சென்று, செப்டெம்பர் 8ஆம் திகதி மாதாவின் பிறப்பு விழாத் திருப்பலியில் பங்குபற்றுவது என்று முடிவாகிவிட்டது. திரும்பி வருவதற்கு ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான அவகாசம் இருக்கிறது. அந்த நாட்களை எப்படிச் செலவிடுவது என்பதில்தான் எங்களிடையே இன்னும் முடிவு ஏற்படவில்லை. பாரிசுக்குச் சென்று ஈபிள் கோபுரத்தையும் அருங்காட்சியகங்களையும் பார்க்கலாம் என்பது மகனின் யோசனை. எனக்கோ கிராமப்புறங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. லுவார் ஆற்றையும், நடுப் பிரான்சின் மேட்டுநிலத்தையும், தென்மேற்கின் திராட்சைத் தோட்டங்களையும் கரும்பலகையில் எத்தனையோ மாணவர்களுக்கு வரைந்து காட்டியவன் நான். அந்த நிலத்தில் என் கால் படாமல் நெடுஞ்சாலையில் விரைந்து கடந்து வந்துவிட்டால் அந்தக் குறை என் மனத்தைவிட்டு நீங்காது.

கிராமங்களில் இவ்வளவு பெரிய வாகனத்தை இரவில் எங்கே நிறுத்துவது, குறுகலான தெருக்களில் அது நுழையுமா, முழங்கால் வலியும் நீரிழிவும் உள்ள என் மனைவிக்கு இப்படிப்பட்ட பயணம் ஒத்துவருமா, மகன் களைத்துப்போனால் எங்கள் நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு நான் சிறிது தூரம் ஓட்டலாமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஹப்புத்தளை மூடுபனி எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். துலூஸ் நகரில் நீண்ட காலம் வேலை செய்துவிட்டு இப்போது ஹப்புத்தளைக்கே திரும்பி வந்து குடியிருக்கிறேன். அங்கிருந்த காலத்தில் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் நண்பரின் குடும்பத்தோடு அவருடைய மோட்டார் ஹோமில் தென்மேற்குப் பிரான்சின் கிராமங்களில் தங்கி வந்திருக்கிறேன். உங்கள் ஆசை நியாயமானது. அதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. லண்டனிலிருந்து பாரிசுக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால், உங்கள் மகன் அந்நகரத்தை எந்த வார இறுதியிலும் பிள்ளைகளுக்குக் காட்ட முடியும். ஆனால் லூர்துக்கும் லுவார் ஆற்றுக்கும் இடையிலுள்ள ஊர்களுக்கு உங்கள் இருவரையும் அழைத்துச் செல்லும் வாய்ப்பு மீண்டும் கிடைப்பது அரிது.

நாம் மலையகத்தில் இருந்துகொண்டு நாள்தோறும் காணும் ஒன்றை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். காலையில் நுவரெலியாவில் புறப்பட்டு, ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அரை மணி நேரம் நின்று, தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் கடற்கரைக்கு இறங்கிவிடும் பயணிகளை நாம் பார்க்கிறோம். அவர்களுக்கு நம் மலைகளைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? அதே வேளையில், தோட்டத்துக்கு அருகே ஒரு வீட்டில் இரண்டு மூன்று இரவுகள் தங்கி, காலையில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களோடு பேசி, சந்தைக்கு நடந்து போய் வருபவர்கள் இந்த ஊரை அறிந்துகொண்டு போகிறார்கள். பிரான்சின் கிராமங்களும் அப்படித்தான். ஆகவே பத்து ஊர்களைத் தொட்டுவிட்டு வருவதை விட, இரண்டு அல்லது மூன்று ஊர்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு இரவுகளாவது தங்குங்கள்.

லூர்திலிருந்து, இங்கிலாந்துக்குக் கப்பலேறும் கலே துறைமுகம் ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். அதை எல்லா நாட்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொரு நாளும் வாகனத்திலேயே கழிந்துவிடும். தெற்கில் நிதானமாக இருந்துவிட்டு, வடக்குப் பகுதியை ஒன்றிரண்டு நாட்களில் வேகமாகக் கடந்துவிடுவதே நல்லது. லூர்திலிருந்து வடக்கே செல்லும் ‘N 21’ என்ற தேசிய வீதி தார்ப், ஓஷ், அஜான், வில்நவ்-சுர்-லோ, பெர்ஜெராக் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு லிமோஜ் வரை போகிறது. ஓஷ் நகரைச் சுற்றியுள்ள ஜெர் மாவட்டம் சிறு சிறு குன்றுகள் நிறைந்தது. செப்டெம்பரில் சூரியகாந்தி வயல்கள் காய்ந்து அறுவடைக்குக் காத்திருக்கும், வாத்துப் பண்ணைகளும் திராட்சைத் தோட்டங்களும் மாறி மாறி வரும். பிரனீஸ் மலைத்தொடர் பின்னால் நீல நிறத்தில் நீண்ட தூரம் உங்களுடன் வந்துகொண்டிருக்கும்.

வில்நவ்-சுர்-லோவைத் தாண்டியதும் பெரிய வீதியை விட்டு விலகி மொன்பாசியே என்ற சிற்றூருக்குச் செல்லுங்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1284இல் நிறுவிய ஊர் அது. நடுவில் சதுரமான சந்தைத் திடல், அதைச் சுற்றி வளைவுத் தாழ்வாரங்கள், அங்கிருந்து நேர்கோடுகளாகப் பிரியும் தெருக்கள் என்று ஒரு குடியேற்றம் திட்டமிட்டு அமைக்கப்பட்ட விதத்தை இன்றைக்கும் அப்படியே காணலாம். புவியியல் ஆசிரியர் ஒருவர் இரண்டு நாட்கள் தங்கத் தகுந்த இடம் என்று நான் சொல்வேன். அங்கிருந்து வெசேர் ஆற்றின் பள்ளத்தாக்குக்கு ஏறினால் மொந்திஞாக் வரும். தொல்கால மனிதரின் ஓவியங்கள் உள்ள, 1940இல் சிறுவர்கள் கண்டுபிடித்த லாஸ்கோ குகை அங்கேதான் இருக்கிறது. பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் ஓவியங்கள் பழுதடைந்ததால் மூலக் குகை 1963இல் மூடப்பட்டுவிட்டது. குகை முழுவதையும் அளவு பிசகாமல் மறுவடிவம் செய்து 2016இல் திறந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும். அடுத்து பிரீவ் நகருக்குத் தெற்கே, செந்நிறக் கல்லால் மட்டுமே கட்டப்பட்ட கொலோஞ்-லா-ரூஜ். பிரான்சின் அழகிய கிராமங்களுக்கான சங்கம் 1982இல் அந்த ஊரில்தான் தொடங்கியது.

பிரீவிலிருந்து வியெர்சோன் வரை ஏ 20 நெடுஞ்சாலைக்குக் கட்டணம் இல்லை. அதில் ஏறி ஒரே நாளில் லுவார் ஆற்றங்கரைக்கு வந்துவிடலாம். வழியில் லிமோஜுக்கு அருகே ஒராதூர்-சுர்-கிளான் இருக்கிறது. 1944 ஜூன் 10ஆம் திகதி நாட்சி ஜெர்மனியின் எஸ்எஸ் படையினர் அந்தக் கிராமத்தில் 600க்கும் மேற்பட்ட மக்களைக் கொன்று ஊரையே எரித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் தேவாலயத்துக்குள் அடைத்துக் கொல்லப்பட்டார்கள். எரிந்த வீடுகளும், தெருவில் நின்ற வாகனங்களும், தையல் இயந்திரங்களும் அன்று கிடந்தபடியே பாதுகாக்கப்பட்டுள்ளன. பிள்ளைகளின் வயதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆனால் நம் நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்தத் தெருக்களில் நடப்பது என்ன உணர்வைத் தரும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. பெரியவர்கள் கட்டாயம் இறங்கிப் பாருங்கள்.

இரவு தங்குவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்களுக்கு பிரான்ஸ் போல் வசதியான நாடு வேறு இல்லை என்று துணிந்து சொல்லலாம். ‘ஏர்’ எனப்படும் தரிப்பிடங்களைப் பல சிற்றூர்களின் நகரசபைகளே அமைத்திருக்கின்றன. சிலவற்றில் கட்டணமே இல்லை, பலவற்றில் இரவுக்கு ஐந்து முதல் பதினைந்து யூரோ வரை அறவிடுகிறார்கள். குடிநீர் நிரப்பவும், கழுவிய நீரை வெளியேற்றவும், கழிப்பறைப் பெட்டியைக் காலி செய்யவும் அங்கே ஒரு தூண் அமைந்திருக்கும்; அதை இயக்குவதற்குரிய டோக்கன் வில்லையைச் சில ஊர்களில் பேக்கரியிலோ நகரசபை அலுவலகத்திலோ வாங்க வேண்டும். முன்பதிவு பெரும்பாலும் கிடையாது என்பதால் மாலை நான்கு அல்லது ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. ‘பிரான்ஸ் பாசியோன்’ என்ற ஏற்பாட்டில் ஆண்டுச் சந்தா செலுத்திச் சேர்ந்தால், நாடு முழுவதும் 2,000க்கும் மேற்பட்ட விவசாயிகளும் திராட்சைத் தோட்டக்காரர்களும் பாற்கட்டி செய்பவர்களும் தங்கள் நிலத்தில் ஓர் இரவு இலவசமாக நிறுத்த இடம் தருகிறார்கள். எதையும் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாகனத்துக்குள்ளேயே கழிப்பறையும் கழிவுநீர்த் தொட்டியும் இருக்க வேண்டும், வந்தவுடன் வீட்டாரைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் போகும் காலம் திராட்சை அறுவடைக் காலம் என்பதால் அவர்கள் வேலை மும்முரத்தில் இருப்பார்கள். ஆயினும் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறோம் என்று சொல்லி ஒரு பொதி தேயிலையைக் கையில் கொடுத்தால், உங்களைத் தோட்டத்துக்குள் அழைத்துச் சென்று காட்டாமல் விடமாட்டார்கள்.

ஹட்டன் சாரதி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் ஹட்டனில் சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டுபவன். இங்கிலாந்திலுள்ள என் மைத்துனரின் மோட்டார் ஹோமில் அவரோடு பிரான்சுக்குச் சென்று பாதித் தூரம் ஓட்டியிருக்கிறேன். எனவே வாகனம் ஓட்டுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் அனுமதிப்பத்திரத்தைக் கொண்டு குறுகிய காலப் பயணத்தின்போது அங்கே ஓட்டலாம். ஆனால் புறப்படுவதற்கு முன் கொழும்பிலுள்ள இலங்கை மோட்டார் வாகனச் சங்கத்தில் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது வாடகை ஒப்பந்தம். அதில் உங்கள் பெயர் இரண்டாவது சாரதியாகப் பதியப்படாவிட்டால் காப்புறுதி உங்களுக்குச் செல்லுபடியாகாது. வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் சாரதிக்கு உச்ச வயதெல்லை ஒன்றையும் வைத்திருக்கும் என்பதால் இதை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். வாகனத்தை இங்கிலாந்துக்கு வெளியே கொண்டுசெல்வதற்கு அந்த நிறுவனம் தரும் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும்.

எடையில் மிகவும் கவனமாக இருங்கள். சாதாரண அனுமதிப்பத்திரத்தில் ஓட்டக்கூடியது 3,500 கிலோகிராம் வரைதான், அந்த எடையில் ஆட்கள், பைகள், தண்ணீர், எரிவாயு எல்லாமே அடங்கும். தொட்டியில் நூறு லீற்றர் தண்ணீர் இருந்தால் அதுவே நூறு கிலோ. ஆறு பேர் ஏறிப் பயணப் பெட்டிகளையும் ஏற்றினால் எல்லையைத் தாண்டிவிடுவது எளிது. தண்ணீரைத் தங்குமிடத்தில் நிரப்பிக்கொண்டு, ஓடும்போது குறைவாக வைத்திருங்கள். இருக்கைப் பட்டி உள்ள ஆசனங்கள் எத்தனையோ அத்தனை பேர்தான் பயணம் செய்யலாம். வாகனம் ஓடும்போது அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு வர முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

அங்கே வீதியின் வலப்பக்கத்தால் செல்ல வேண்டும். இங்கிலாந்து வாகனத்தின் சுக்கான் நமது வாகனங்களைப் போலவே வலப்பக்கத்தில் இருப்பதால், வீதியோரம் நன்றாகத் தெரியும், எதிரே வருவது தெரியாது. முந்த வேண்டுமென்றால் இடது ஆசனத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கட்டணச் சாவடிகளிலும் இயந்திரம் இடது பக்கமே இருக்கும். அந்த ஆசனத்தில் விழிப்பானவர் ஒருவர் உட்காரட்டும். வாகனத்தின் உயரம் மூன்று மீற்றருக்குக் குறைவாக இருந்தால் கட்டணம் இரண்டாம் வகுப்பு, அதற்கு மேற்பட்டால் மூன்றாம் வகுப்பு. உயரத்தையும் அகலத்தையும் நீளத்தையும் ஒரு தாளில் எழுதிச் சாரதியின் கண்ணெதிரே ஒட்டிவையுங்கள். கிராமத்துப் பழைய வாயில்களும் சந்தைத் திடல் தரிப்பிடங்களின் உயரத் தடைக் கம்பிகளும்தான் மோட்டார் ஹோம்களின் கூரையைப் பதம் பார்ப்பவை.

நடுவே தடுப்பு இல்லாத இருவழிக் கிராமப்புற வீதிகளில் 2018 முதல் பொதுவான வேக எல்லை மணிக்கு 80 கிலோமீற்றர், பல மாவட்டங்களில் சில வீதிகளுக்கு 90. ஊருக்குள் 50. ஊர்களுக்குள் வலப்பக்கச் சிறு தெருவிலிருந்து வருபவருக்கு முன்னுரிமை உண்டு என்ற பழைய விதி பல இடங்களில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மஞ்சள் நிற வைரக் குறிப் பலகை இருக்கும் வீதியில்தான் உங்களுக்கு முன்னுரிமை என்று எடுத்துக்கொள்ளலாம். பிரதிபலிக்கும் மேலங்கியும் எச்சரிக்கை முக்கோணமும் வாகனத்தில் இருப்பது கட்டாயம்.

மற்றபடி நமக்கு அந்த மலைவீதிகள் புதியவை அல்ல. ரம்பொடை வளைவுகளில் இறங்கப் பழகியவருக்கு, பிரேக்கை மட்டும் நம்பாமல் சின்ன கியரில் போட்டு எஞ்சினாலேயே வேகத்தை அடக்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. நமது மலைகளில் ஏறி வரும் வாகனத்துக்கு வழிவிடுவதைப் போலவே, அங்கேயும் செங்குத்தான குறுகிய வீதியில் இறங்குபவர்தான் முதலில் நிறுத்த வேண்டும். ஐயா, உங்கள் மகன் லண்டனில் மட்டும் ஓட்டியவர் என்றால், மலைப்பாங்கான இடங்களில் நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லும் ஆலோசனை அவருக்கு மிகவும் பயன்படும்.

பண்டாரவளை ஆசிரியர் எழுதியது:

இருவருக்கும் என் உளமார்ந்த நன்றி. ஹப்புத்தளை நண்பர் வகுத்துத் தந்த பாதையை வரைபடத்தில் குறித்து மகனுக்கு அனுப்பிவிட்டேன். எடை விடயம் அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை. பெரிய பெட்டிகளை லண்டனிலேயே வைத்துவிட்டு வருவதாகச் சொல்கிறான். இனி என் மனைவியின் உடல்நிலைதான் யோசனையாக இருக்கிறது. அவர் இன்சுலின் ஏற்றிக்கொள்பவர், வேளைக்குச் சாப்பிட வேண்டும், சோறு இல்லாமல் அவரால் நீண்ட நாட்கள் இருக்க முடியாது. இரவுக் குளிரைப் பற்றியும் கேட்கிறார்.

பதுளை மகள் எழுதியது:

ஐயா, வணக்கம். என் அக்கா லியோன் நகருக்கு அருகே வசிக்கிறார். வயதான எங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு அவர்களுடைய மோட்டார் ஹோமில் நாங்களும் பயணம் செய்திருக்கிறோம். அம்மாவுக்கும் முழங்கால் வலி உண்டு. ஆகவே உங்கள் மனைவிக்கு எது ஒத்துவரும் என்பதை என்னால் ஓரளவு சொல்ல முடியும்.

வாகனத்தைத் தெரிவு செய்யும்போதே கட்டில்களைக் கவனியுங்கள். சாரதி ஆசனத்துக்கு மேலே ஏணி வைத்து ஏறும் கட்டில் பிள்ளைகளுக்குத்தான் பொருந்தும். பின்பகுதியில் நிரந்தரமாக அமைந்த, இரு பக்கமும் இறங்கக்கூடிய தாழ்வான கட்டில் உள்ள வாகனமே உங்கள் இருவருக்கும் ஏற்றது. மேசையை மடித்துக் கட்டிலாக்கும் வகையில் ஒவ்வொரு இரவும் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். வாசற்படி உயரமாக இருந்தால் ஒரு சிறு மடிப்புப் படியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயே கழிப்பறை இருப்பது நீரிழிவு உள்ளவர்களுக்குப் பெரிய ஆறுதல். அதன் பெட்டி இருபது லீற்றருக்குள் இருப்பதால் ஆறு பேர் பாவித்தால் ஒவ்வொரு நாளும் காலி செய்ய நேரிடும். அந்த வேலைக்கு மகனைப் பொறுப்பாக்கிவிடுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது வாகன மின்கலத்திலும், நிறுத்தியபின் எரிவாயுவிலும் இயங்கும் என்பதால் இன்சுலினைப் பற்றி அச்சம் வேண்டாம். ஆனால் உறையும் தட்டை ஒட்டி வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயனற்றது. மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். எந்தச் சிற்றூரிலும் பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்தகத்தில் ஆலோசனை கேட்கலாம். அவசர உதவிக்கு இலக்கம் 112.

சோறு சமைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முகாம் தளங்களில் தரும் மின்சாரம் பெரும்பாலும் 6 அல்லது 10 அம்பியர்தான். 6 அம்பியர் என்றால் ஏறத்தாழ 1,300 வோட்ஸ். சோறு சமைக்கும் சிறிய குக்கர் தாராளமாக இயங்கும், ஆனால் அதே நேரத்தில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலையும் போட்டால் மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிடும். ஏர்களில் மின்வசதி இல்லாத இடங்களும் உண்டு என்பதால் அங்கே எரிவாயு அடுப்பில் வடித்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்து எரிவாயு சிலிண்டரை பிரான்சில் மாற்றித்தர மாட்டார்கள். எரிபொருள் நிலையங்களில் நிரப்பக்கூடிய வகைச் சிலிண்டரும் அதற்குரிய இணைப்பியும் வாகனத்தில் உள்ளனவா என்று மகன் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அரிசி, மிளகாய்த்தூள், பருப்பு, தேயிலை ஆகியவற்றை லண்டனிலிருந்தே கொண்டுசெல்லுங்கள். இறைச்சியையும் பால் பொருட்களையும் பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுசெல்லத் தடை இருப்பதால் பால்மாவை அங்கேயே வாங்க வேண்டும். காய்கறிகளுக்கு வாரச் சந்தைதான் சிறந்தது. எந்த ஊரில் எந்தக் கிழமை சந்தை என்று பார்த்து அதற்கேற்பத் தங்கினால், விவசாயிகளே கொண்டுவந்து வைக்கும் தக்காளியும் பீன்சும் லீக்ஸும் கிடைக்கும். நம் வெலிமடைப் பக்கத்துக் காய்கறிகளை நன்கு அறிந்தவர்களுக்கு அந்தச் சந்தையில் நடப்பதே பெரும் மகிழ்ச்சி. கிராமங்களில் நண்பகல் 12 மணி முதல் 2 மணி வரையிலும், ஞாயிறு பிற்பகலிலும், பல இடங்களில் திங்கட்கிழமையும் கடைகள் மூடியிருக்கும். வேளைக்குச் சாப்பிட வேண்டியவர் உங்களுடன் இருப்பதால் ஒரு நேரச் சாப்பாடு எப்போதும் வாகனத்தில் தயாராக இருக்கட்டும்.

செப்டெம்பர் நடுப்பகுதியில் அங்கே பகலில் இதமாகவும் இரவில் குளிராகவும் இருக்கும். பண்டாரவளைக் குளிருக்குப் பழகியவர்களுக்கு அது துன்பமாகாது, வாகனத்திலும் சூடாக்கி இருக்கும். இரவில் அதை முழுமையாக ஓடவிடாமல் கம்பளி போர்த்திக்கொண்டால் எரிவாயுவும் மிஞ்சும்.

நுவரெலியா உதவி எழுதியது:

பயணத் திட்டம் நன்றாக அமைந்திருக்கிறது, ஆனால் வீசாவைப் பற்றி எவரும் எழுதவில்லை. வீசா விண்ணப்பங்களை நிரப்ப உதவும் வேலையில் இருப்பவள் என்ற முறையில் சில விடயங்களைக் குறிப்பிடுகிறேன். பிரித்தானிய வீசாவில் பிரான்சுக்குப் போக முடியாது. பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் வீசா தனியாக எடுக்க வேண்டும். லண்டனுக்குச் சென்றபின் அங்கிருந்து விண்ணப்பிக்கலாம் என்று எண்ணாமல், புறப்படுவதற்கு முன் கொழும்பிலேயே பிரான்சுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பயணத் திகதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்படும். கோடை காலத்தில் நேர ஒதுக்கீடு கிடைப்பது கடினம் என்பதால் பங்குனி, சித்திரையிலேயே தொடங்குங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 முதல் 90 யூரோ.

மோட்டார் ஹோம் பயணங்களில் விண்ணப்பதாரர்களுக்குச் சிக்கலாக அமைவது தங்குமிடச் சான்று. ஏர்களுக்கு முன்பதிவு இல்லை என்பதால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. ஆகவே வாகன வாடகை ஒப்பந்தம், கப்பல் பயணச்சீட்டு, லூர்திலும் வழியில் ஒன்றிரண்டு ஊர்களிலும் முகாம் தளங்களில் செய்த முன்பதிவு, எந்த இரவு எந்த ஊரில் என்று காட்டும் அட்டவணை, மகனின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். பிரித்தானிய வீசா பல முறை நுழைய அனுமதிப்பதாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஏனெனில் லூர்திலிருந்து நீங்கள் மீண்டும் லண்டனுக்குள் நுழைய வேண்டும்.

ஹப்புத்தளை மூடுபனி எழுதியது:

நுவரெலியாச் சகோதரி சொன்னபடி முன்பதிவு செய்வதென்றால் மொன்பாசியேக்கு அருகிலும் லுவார் கரையிலும் செய்யுங்கள். செப்டெம்பர் முடிவில் பல முகாம் தளங்கள் மூடப்பட்டாலும் நீங்கள் போகும் வாரங்களில் திறந்திருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். லுவார் பகுதியில் ஷம்போர் போன்ற புகழ்பெற்ற மாளிகை ஒன்றைப் பார்த்தால் போதும். மீதி நேரத்தை ஆற்றங்கரையில் கழியுங்கள். ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடும் பிரான்சின் மிக நீளமான ஆறு, செப்டெம்பரில் நீர் வற்றி மணல் திட்டுகளோடு கிடக்கும். நீங்கள் வரைந்து காட்டிய ஆற்றை அந்த நிலையில் பார்ப்பது பாடப்புத்தகத்தில் இல்லாத ஓர் அறிவு. அந்த மாதத்தின் மூன்றாவது வார இறுதி பாரம்பரிய தினங்கள் என்பதால், வழமையாகப் பூட்டியிருக்கும் பழைய கட்டடங்கள் பலவும் திறக்கப்படும். திகதி பொருந்தினால் அந்த இரண்டு நாட்களையும் ஒரு சிறிய ஊரில் செலவிடுங்கள்.

கடைசியாகக் கடல் கடப்பதைப் பற்றி எழுத வேண்டும். லுவாரிலிருந்து வருபவர்களுக்குக் கலேயை விட தியெப் துறைமுகம் அருகில் இருக்கிறது. அங்கிருந்து இங்கிலாந்தின் நியூஹேவனுக்குக் கப்பல் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் செல்லும்; அம்மா கால் நீட்டி ஓய்வெடுக்கலாம், சாரதிக்கும் ஆறுதல். பயணச்சீட்டு எடுக்கும்போது வாகனத்தின் நீளத்தையும் உயரத்தையும் சரியாகக் குறிப்பிட வேண்டும், பின்பக்கம் சைக்கிள் தாங்கி இருந்தால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும். துறைமுகங்களுக்கு அண்மையிலும் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் இரவு தூங்க வேண்டாம். திருட்டுப் பயம் ஒருபுறம் இருக்க, எவரேனும் வாகனத்தில் ஒளிந்து ஏறிக் கடல் கடந்தால் சாரதிக்கும் அபராதம் விதிக்கப்படலாம். கப்பலுக்குள் செல்வதற்கு முன் வெளிப்பெட்டிகளையும் சைக்கிள் உறையையும் மகன் திறந்து பார்த்துப் பூட்டட்டும். 2025 ஏப்ரலில் வந்த தடையின்படி ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பாற்கட்டியையும் இறைச்சியையும் பிரித்தானியாவுக்குள் கொண்டுவர முடியாது. சந்தையில் வாங்கியவற்றைப் புறப்படும் நாளுக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். வால்நட்டும் தேனும் கொண்டுவரத் தடையில்லை. தென்மேற்குப் பகுதியின் வால்நட் மிகவும் சுவையானது.